கணனியின் வெப்பமும் நீர் செல்லும் வழியும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சென்ற கூட்டம் முடிந்து யாவரும் எழுந்து செல்லும் வேளையில், இச்சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் எம்மை நிறுத்தி, "தம்பிமார், நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கணனிக்குள்ளே தண்ணீர் விடுகிறீர்களாமே, மின்சாரம் ஓடுகிற இடத்திலே தண்ணீருக்கு என்ன வேலை?" என்று வினவினார். நல்ல கேள்வி. அன்று வாசலில் நின்றபடி இரண்டொரு வார்த்தை சொல்லிச் சமாளித்தோம். ஆனால் வீடு சென்று யோசித்தபோது அவ்விடை எமக்கே போதாதென்று தோன்றியது. ஆகவே அக்கேள்விக்கு உரிய விடையை இன்று இச்சபையில் சொல்ல முற்படுகின்றோம். நாம் பொறியியல் கற்றுப் பட்டம் பெற்றவர்கள் அல்லோம். கையால் செய்து பார்த்துப் பிழைவிட்டு, அப்பிழையிற் கற்றதையே கூறுகின்றோம். குற்றங் குறை காணின் பெரியோர் பொறுத்தருள்க.

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிவிடுவோம். கணனியின் மின்சுற்றுக்களின் மேல் எவரும் தண்ணீரை ஊற்றுவதில்லை. கணனியின் மூளை எனத்தக்க புரொசெசர், அதாவது பாடநூல்கள் மத்திய முறைவழி அலகு என்று கூறும் உறுப்பு, ஒரு சிறிய சில்லு. அதன் முதுகில், உள்ளே நீர் செல்லும் வழியுடைய ஒரு செப்புக் கட்டையை வைத்து இறுக்குவார்கள். இதற்கு 'வோட்டர் புளொக்' என்பது வழக்குப் பெயர். நாம் சுருக்கமாகப் புளொக் என்போம். புளொக்கிலிருந்து ஒரு குழாய் வழியாக நீர் ரேடியேற்றருக்குச் செல்லும். அங்கே விசிறிக் காற்றால் ஆறிய நீரை ஒரு சிறு பம்பி மீண்டும் புளொக்குக்கு அனுப்பும். மோட்டார் வாகனத்தின் எஞ்சின் குளிர்வதும் இவ்வாறே. நீர் மூடிய வழியிற் சுழன்றுகொண்டிருக்கும். ஒரு துளியும் சில்லைத் தீண்டாது.

இனி, இவ்வளவு பிரயாசை எதற்கு என்ற வினா எழும். 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த முதற் பென்ரியம் சில்லு ஏறக்குறைய 15 உவாற்று வெப்பத்தையே வெளியிட்டது. 2004-இல் வந்த பென்ரியம் 4 வகைகளில் இது 115 உவாற்று வரை சென்றது. 2023-இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட கோர் ஐ9-14900கே என்னும் சில்லு முழு வேலை செய்யும்போது 253 உவாற்று வரை கொள்ளும் என அந்நிறுவனமே குறித்துள்ளது. கொள்ளும் மின்சாரம் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படும். இத்தனை வெப்பமும் வெளிப்படுவது எத்துணைப் பரப்பிலிருந்து? ஒரு தபால் முத்திரையிலும் சிறிய சிலிக்கன் துண்டிலிருந்து! துணி மினுக்கும் மின்னழுத்தி கொள்ளும் மின்சாரம் இதனினும் அதிகந்தான். ஆயினும் அதன் வெப்பம் ஓர் உள்ளங்கையளவு தகட்டிற் பரந்திருக்கின்றது. சில்லில் வெப்பம் குவிந்திருக்கின்றது. குவிந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிடின், சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துவிடும். பின்னும் மிஞ்சினால் நின்றுவிடும்.

காற்றினால் அகற்றலாகாதோ எனின், ஓரளவுக்கு ஆகும். இன்றும் பெரும்பாலான வீட்டுக் கணனிகள் காற்றினாலேயே குளிர்கின்றன. ஆயின் ஒரே கனவளவுள்ள காற்றையும் நீரையும் எடுத்துக்கொண்டால், ஒரு பாகை சூடேறுவதற்கு நீர் ஏற்கும் வெப்பம் காற்று ஏற்பதைப்போல ஏறக்குறைய 3,500 மடங்காகும். ஆதலால் ஒரு பெரிய விசிறி சுமக்கும் வெப்பத்தை விரல் மொத்தக் குழாயில் ஓடும் நீர் எளிதிற் சுமந்து செல்கின்றது.

அன்பர்களே! இவ்விடத்தில் நாம் செய்த பிழையை மறைக்காமற் சொல்லவேண்டும். எமது நண்பர் ஒருவரின் கணனிக்கு நாமே ஒரு புளொக் செய்தோம். கடைச்சற் பட்டறையில் ஒரு செப்புக் கட்டையை வாங்கி, அதனுள்ளே ஆறு மில்லிமீற்றர் அகலமான ஒரு வழியைப் பாம்பு வளைந்து செல்வதுபோல வெட்டுவித்து, மேலே ஒரு மூடியிட்டு, இரு புறமும் குழாய் பொருத்தினோம். நீர் ஒழுகவில்லை, கணனி ஓடியது. எமக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் கடுமையான வேலை கொடுத்தபோது சில்லின் வெப்பநிலை நாம் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. உடனே நாம் என்ன எண்ணினோம்? தண்ணீர் போதாது, பம்பி சிறியது என்று எண்ணினோம். நண்பரின் தகப்பனாரிடம் கடன் வாங்கி, முன்னையதினும் பெரிய பம்பியொன்றை வாங்கிப் பூட்டினோம். நீர் இரைந்து ஓடியது. வெப்பநிலையோ இரண்டு மூன்று பாகைக்கு மேல் இறங்க மறுத்துவிட்டது. கடன் வாங்கிய பணம் கண்முன்னே வீணாயிற்று. தகப்பனார் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. அதுவே எமக்குப் பெரிய தண்டனையாயிற்று.

அன்றிரவு நாம் செய்திருக்கவேண்டிய கணக்கை இப்போது உங்கள் முன் போடுகின்றோம். பள்ளிக்கூடத்தில் யாவரும் கற்ற கணக்குத்தான். சில்லு 200 உவாற்று வெப்பம் வெளியிடுகின்றது என்க. நிமிடத்துக்கு ஒரு லீற்றர் நீர் ஓடுமாயின், புளொக்கினுள் நுழைந்து வெளியேறுவதற்குள் அந்நீர் ஏறக்குறைய 3 பாகை சூடேறும். நிமிடத்துக்கு நான்கு லீற்றர் ஓடச் செய்தால் 0.7 பாகை சூடேறும். நான்கு மடங்கு நீரை ஓடவிட்டும் ஆதாயம் இரண்டு பாகைக்குச் சற்று அதிகம், அவ்வளவே. அதற்குமேல் எத்தனை லீற்றரைத் தள்ளினாலும், எஞ்சியிருக்கும் அந்த முக்காற் பாகையைத்தான் குறைக்கலாம். நீர் விரைந்து ஓடுவதால் வேறு சிறு நன்மை உண்டு என்பது மெய்யே. ஆயினும் பெரிய பம்பி தான் கொள்ளும் மின்சாரத்தையும் வெப்பமாக அதே நீரில் சேர்க்கின்றது என்பதையும் மறத்தலாகாது.

அப்படியாயின் தடை எங்கே இருந்தது? இதுதான் இன்றைய பேச்சின் உயிரான வினா.

நீர் வெப்பத்தைச் சுமப்பதில் வல்லது. கடத்துவதிலோ மிக மந்தமானது. செம்பின் கடத்துதிறன் நீரினதைப்போல அறுநூறு மடங்குக்கு மேற்பட்டது. வெப்பம் செம்பினூடே ஓடிவந்து, நீரின் கரையில் நின்று தயங்குகின்றது. குழாயின் நடுவே நீர் விரைந்து ஓடினாலும், சுவரை ஒட்டிய நீர் ஏறக்குறைய அசையாமலே நிற்கும். ஆற்றின் நடுவே இழுவை பலமாயிருக்க, கரையோரத்துச் சருகு மெல்ல ஊர்வதை நாம் கண்டிருக்கின்றோம். சுவரை ஒட்டிய இம்மெல்லிய போர்வையை எல்லைப்படை என்பர். வெப்பம் ஓடும் நீரை அடையவேண்டுமாயின், மந்தமான இப்போர்வையைக் கடந்தே செல்லவேண்டும். நாம் செய்த புளொக்கில் அந்தப் போர்வை தடித்திருந்தது; வெப்பம் ஏறிச் செல்வதற்குச் செம்பின் பரப்பும் குறைவாயிருந்தது. தடை அங்கேயிருக்க, நாம் பம்பியிற் பணத்தைச் செலவிட்டோம்.

கடந்த நாற்பது ஆண்டுகளில் புளொக் அடைந்த முன்னேற்றங்கள் யாவற்றையும் இந்த ஒரு திறவுகோலாற் புரிந்துகொள்ளலாம். வெப்பத்துக்கும் ஓடும் நீருக்கும் இடையேயுள்ள தூரத்தைக் குறைத்தவர் வென்றார், மற்றவர் தோற்றார்.

1980-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 3081 என்னும் பெருங் கணனியை அறிவித்தது. அதிலே நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகளை ஏந்தக்கூடிய ஒரு பீங்கான் தகட்டின் மேல், ஒவ்வொரு சில்லுக்கும் ஒவ்வொரு சிறிய அலுமினிய முசலத்தை வில்லினால் அழுத்தி வைத்து, இடைவெளிகளை ஹீலியம் வாயுவால் நிரப்பி, எல்லாவற்றுக்கும் மேலே நீர் ஓடும் தகட்டைப் பொருத்தினார்கள். அக்காலத்துக்கு அது மிகச் சிறந்த வேலை. ஆயினும் வெப்பம் சில்லிலிருந்து முசலத்துக்கும், முசலத்திலிருந்து உறைக்கும், உறையிலிருந்து நீர்த்தகட்டுக்கும் ஏறிச் செல்லவேண்டியிருந்தது. நீர் தொலைவில் இருந்தது.

அடுத்த ஆண்டிலேயே, 1981-இல், அமெரிக்காவின் ஸ்ரான்போட் சர்வகலாசாலையில் டேவிட் ரக்கர்மன், பேபியன் பீஸ் என்னும் இருவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். ஒரு சதுர சென்ரிமீற்றர் சிலிக்கனின் முதுகிலேயே, 50 மைக்கிரோமீற்றர் அகலமும் ஏறக்குறைய 300 மைக்கிரோமீற்றர் ஆழமும் உள்ள நுண்கால்வாய்களை அரித்து, அவற்றினூடே நீரை ஓடவிட்டார்கள். 50 மைக்கிரோமீற்றர் என்பது மெல்லிய தலைமயிரின் பருமன். அந்தச் சிறு துண்டிலிருந்து 790 உவாற்று வெப்பத்தை அகற்றினார்கள்; அப்போது சில்லின் வெப்பநிலை உட்புகும் நீரினதைவிட 71 பாகை மாத்திரமே உயர்ந்திருந்தது. அவர்கள் காட்டிய நியாயம் எளியது. அமைதியாக ஓடும் நீரில், கால்வாயின் அகலத்தைப் பாதியாக்கினால் வெப்பம் கடக்கவேண்டிய போர்வையும் பாதியாகும். குறுகிய கால்வாய்கள் பல இருப்பதால் சுவரின் பரப்பும் பெருகும். ஒரு மாற்றத்தில் இரு ஆதாயம். ஆனால் குறுகிய வழியில் நீரைத் தள்ள மிகுந்த அழுத்தம் வேண்டியிருந்தது. சாதாரண வளிமண்டல அழுத்தத்தின் இருமடங்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது. வீட்டு மேசையில் வைக்கும் சிறு பம்பிக்கு அது ஆகாத காரியம்.

ஆகவே இருபது ஆண்டுகளின் பின், 2000-ஆம் ஆண்டையொட்டி, வீட்டுக் கணனிக்கு நீர் பூட்டத் தொடங்கிய ஆர்வலர்கள் அகன்ற வழிகளிலிருந்தே தொடங்கினர். மீன்தொட்டிப் பம்பியும் பழைய மோட்டார் வாகனத்தின் ரேடியேற்றருமே அவர்களுடைய கருவிகள். முதலில் வந்தது, நாமும் செய்தோமே, அந்தப் பாம்பு வழிப் புளொக். அதில் நீர் முதல் வளைவிற் குளிராகவும் கடைசி வளைவிற் சூடாகவும் இருக்கும். சில்லின் நடுப்பகுதிதான் மிகவும் சுடுவது. அங்கே செல்லும் வழியும் மற்ற வழிகளைப் போன்றதே. இரண்டாவதாக, வழியின் நடுவே சிறு செப்பு முளைகளை நிறுத்தி நீரைக் கலக்கினார்கள். கலங்கிய நீரில் எல்லைப்படை மெலியும். மூன்றாவதாக, நீரைச் சிறு துவாரங்களால் நேரே அடித்தளத்தின் மேல் பீய்ச்சினார்கள். முற்றத்துச் சேற்றில் குழாய்த் தண்ணீரை நேரே பாய்ச்சினால், விழும் இடத்தில் சேறு விலகித் தரை தெரிகின்றதன்றோ? அதுபோலவே நீர்த்தாரை விழுமிடத்தில் அந்தப் போர்வை மிக மெல்லியதாகும்.

நான்காவதாக வந்த அமைப்பே இன்று பெரும்பாலான நல்ல புளொக்குகளில் நிலைபெற்றிருக்கின்றது. அது ரக்கர்மன், பீஸ் இருவரின் நுண்கால்வாயைச் செம்பிற் கொண்டுவந்து, நீரை ஒரு முனையில் விடாமல், நடுவே ஒரு நீண்ட பிளவின் வழியாக மேலிருந்து இறக்குகின்றது. இறங்கிய நீர் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் ஓடி வெளியேறும்.

எமது தோட்டங்களுக்கு நீர் இறைத்தவர்களுக்கு இது புதுமையன்று. முதற் பாத்தியில் விட்ட நீர் இருபது பாத்திகளையும் ஒவ்வொன்றாகக் கடந்து கடைசிப் பாத்தியை அடையட்டும் என்று எந்தத் தோட்டக்காரரும் விடுவதில்லை. நடுவே வாய்க்கால் ஓடும். இரு மருங்கும் பாத்திகள் இருக்கும். இந்தப் புளொக்கின் நியாயமும் அதுவே. ஒவ்வொரு சிறு கால்வாயிலும் நீர் செல்லவேண்டிய தூரம் பாதியாகின்றது. நீர் இரண்டாகப் பிரிவதால் அதன் வேகமும் பாதியாகின்றது. தூரம் பாதியாகும்போது தேவையான அழுத்தம் பாதியாகும். வேகமும் பாதியாகும்போது அப்பாதியிலும் பாதியாகும். அமைதியான ஓட்டத்தில் ஆகமொத்தம் காற்பங்கு அழுத்தமே போதும்! இதனால் முன்பு ஆகாத காரியமாயிருந்த நுண்கால்வாய் வீட்டுப் பம்பிக்கும் ஆகுங் காரியமாயிற்று. மேலும், குளிர்ந்த நீர் முதலில் விழுவது சில்லின் மிகச் சூடான நடுப்பகுதியின் மேலேயே. பம்பியைப் பெரிதாக்காமல் வழியை மாற்றியவர்கள் கண்ட வெற்றி இது.

அந்த நுண்கால்வாய்களை எவ்வாறு செய்கின்றார்கள் என்பதும் அறியத்தக்கது. மெல்லிய வாள் கொண்டு அறுப்பது ஒரு முறை. மற்றொரு முறையைத் தச்சு வேலை தெரிந்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். தச்சன் சீவுளியாற் பலகையைச் சீவும்போது சுருள் எழுந்து விழும். இங்கே கூரிய அலகு செப்புக் கட்டையின் மேற்புறத்தை மெல்லிதாகச் சீவி, சீவிய தகடு அடியிலிருந்து பிரிந்துவிடுமுன் நிறுத்தி, அதை நிமிர்த்திவிடுகின்றது. பின்னர் சிறிது பின்வாங்கி அடுத்த தகட்டைச் சீவுகின்றது. இவ்வாறு எழுந்து நிற்கும் செட்டைகளும் அடித்தளமும் ஒரே செம்பாய், இடையில் ஒட்டு எதுவுமின்றி இருக்கும்.

பரப்பின் பெருக்கத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று சென்ரிமீற்றர் சதுரமான தளத்தின் பரப்பு 9 சதுர சென்ரிமீற்றர். அதில் 0.3 மில்லிமீற்றர் தடிப்புள்ள செட்டைகளை 0.3 மில்லிமீற்றர் இடைவெளியில், 3 மில்லிமீற்றர் உயரத்துக்கு நிறுத்தினால் 50 கால்வாய்கள் உண்டாகும். நீர் தீண்டும் பரப்பு 94 சதுர சென்ரிமீற்றருக்கு மேல் வரும். அதே இடத்திற் பத்து மடங்கு!

அப்படியாயின் செட்டையை இன்னும் உயர்த்தி, இன்னும் மெல்லிதாக்கி, இருபது மடங்காக்கலாமே என இளைஞர் கேட்பர். நாமும் கேட்டோம். அங்கேயும் எல்லை உண்டு. மெல்லிய செட்டையின் நுனிக்கு வெப்பம் ஏறிச் செல்வதற்குள் வழியிலேயே நீரிற் கலந்துவிடும். நுனி வெறுமனே நிற்கும். அடித்தளத்தின் தடிப்பும் அவ்வாறே. ஒரு சதுர சென்ரிமீற்றர் வழியாக 200 உவாற்று நேரே செல்லுமாயின், 2 மில்லிமீற்றர் செம்பைக் கடப்பதற்கே ஏறக்குறைய 10 பாகை செலவாகும். அதற்காக அடித்தளத்தை மிக மெல்லிதாக்கினால் வெப்பம் பக்கவாட்டிற் பரவி எல்லாச் செட்டைகளையும் அடையாது. இறுக்கும்போது தகடு வளைந்தும்விடும். நல்ல புளொக் என்பது இவ்வாறான பல நியாயங்களுக்கு இடையே கண்ட சமாதானம்.

புளொக் எத்துணைச் சிறந்ததாயினும், சில்லின் முதுகோடு அது நன்கு பொருந்தாவிடிற் பயனில்லை. கண்ணுக்கு மட்டமாகத் தோன்றும் இரு உலோகங்களுக்கு இடையிலும் நுண்ணிய காற்றறைகள் உண்டு. காற்றோ நீரினும் இருபது மடங்குக்கு மேல் மந்தமான கடத்தி. ஆகவே இடையில் ஒருவகைப் பசையை மெல்லிதாகப் பூசுகின்றனர். நான்கு மூலையிலும் திருகாணியால் இறுக்கும்போது நடுப்பகுதி நன்கு அழுந்தும்பொருட்டு, புளொக்கின் அடியை மிகச் சிறிது குவிந்ததாகச் செய்வோரும் உளர். 2019-ஆம் ஆண்டு முதல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 3000 வரிசைச் சில்லுகளில், வேலை செய்யும் சிலிக்கன் துண்டுகள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக அமைந்தன. வெப்பம் இடம் மாறவே, நீர் விழும் பிளவையும் அதன் பின்னே நகர்த்தவேண்டியதாயிற்று. வெப்பம் எங்கேயோ அங்கே நீர் செல்லவேண்டும்.

சீர்திருத்தம் எதுவும் விலையின்றி வருவதில்லை. வழி நுண்ணியதானால் அடைப்பும் எளிதாகும். எமது முதற் புளொக்கில் ஒரு மணல் புகுந்தாலும் ஓடிவிடும், 0.3 மில்லிமீற்றர் கால்வாயில் நூலிழை ஒன்றே போதும், பாதி வழி அடைபட்டுவிடும். ஆகவே கிணற்று நீரையோ குழாய் நீரையோ விடலாகாது; வடித்தெடுத்த தூய நீரும், பாசி பிடியாமலும் உலோகம் அரியாமலும் காக்கும் மருந்தும் வேண்டும். செப்புப் புளொக்கோடு அலுமினிய ரேடியேற்றரைச் சேர்த்தலும் ஆகாது. இரண்டும் ஒரே நீரில் இருந்தால் மின்கலம்போலாகி அலுமினியம் அரிபடும். செம்பின் மேல் நிக்கல் முலாம் பூசும் வழக்கம் அதன் நிறம் மங்காமலும் மேற்பரப்பு அரிபடாமலும் காக்கும். ஆயினும் அலுமினியத்தோடு சேர்ப்பதற்கு அது அனுமதிச் சீட்டன்று.

எம் நாட்டுக்கென்று ஒரு சொல்லும் உண்டு. ரேடியேற்றர் நீரை அறையின் காற்றளவுக்கே ஆற்றும். அதற்குக் கீழே கொண்டுசெல்லாது. குளிர்நாட்டு அறையில் 20 பாகையில் தொடங்கும் கணக்கு, எமது 30 பாகை அறையில் பத்துப் பாகை மேலிருந்தே தொடங்குகின்றது. ஐஸ் நீரை விட்டாலென்ன என்று ஒருவர் கேட்டார். எமது காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல் குழாயும் புளொக்கும் வியர்த்து, அந்நீர் மின்சுற்றில் விழும். முதலிற் சொன்ன பெரியவரின் அச்சம் அப்போது மெய்யாகிவிடும்! ஆகவே எம் போன்ற நாட்டவருக்கு நல்ல புளொக் மற்றவரினும் அதிகம் வேண்டப்படுவது.

இதெல்லாம் இளைஞரின் விளையாட்டுக் கணனிக்குத்தானே, ஊருக்கு என்ன பயன் என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கும் விடை உண்டு. உலகமெங்கும் பல்லாயிரம் கணனிகளை ஒரே கட்டடத்தில் அடுக்கி வைத்திருக்கின்றார்கள். அவற்றைக் குளிர்விக்கக் குளிரூட்டி இயந்திரங்களை ஓட்டுவதில் மிகுந்த மின்சாரம் செலவாகின்றது. புளொக் நன்றாயிருந்தால், சில்லுக்கும் நீருக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு சிறிதாகும். வேறுபாடு சிறிதானால் குளிர்ந்த நீர் வேண்டியதில்லை. வெதுவெதுப்பான நீரே போதும்! 2010-இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐ.பி.எம். நிறுவிய அக்குவாசார் என்னும் கணனி, நுண்கால்வாய்ப் புளொக்குகள் பூண்டு, 60 பாகை வரையான சுடுநீரால் குளிர்விக்கப்பட்டது. வெளியேறிய சுடுநீரின் வெப்பம் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்பட்டது. 2012-இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு அண்மையிலுள்ள கார்ச்சிங்கில் சுப்பர்மக் என்னும் பெருங்கணனி அவ்வழியே சென்றது. சுடுநீரால் ஒன்றைக் குளிர்விப்பது விகடகவியின் பேச்சுப்போல் தோன்றலாம். தடையை அகற்றியவனுக்கு அது கைகூடியது.

2020-இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் இன்னும் ஒரு படி சென்றனர். மின்சுற்றையும் நுண்கால்வாயையும் ஒரே சில்லில் ஒன்றாகவே வகுத்து, நீரைப் பல கிளைகளாகப் பிரித்து இறக்கி, ஒரு சதுர சென்ரிமீற்றரிலிருந்து 1,700 உவாற்றுக்கு மேல் அகற்றலாமெனக் காட்டினர். அந்நீரைத் தள்ளுவதற்கு ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.57 உவாற்றே போதுமாயிருந்தது. ரக்கர்மன், பீஸ் இருவரும் அகற்றியதன் இருமடங்குக்கு மேல். அதுவும் அரை உவாற்றுக்குச் சற்று அதிகமான பம்பி வலுவைக்கொண்டு! எமது பெரிய பம்பியை நினைத்து நாம் தலைகுனிந்தோம்.

அன்பர்களே! நாம் மீண்டும் ஒரு புளொக் செய்தோம். இம்முறை நுண்ணிய செட்டைகளையுடைய செப்புத் தட்டு ஒன்றை வாங்கி, மூடியை மாத்திரம் நாமே வெட்டி, நடுவே ஒரு பிளவு விட்டோம். பழைய சிறு பம்பியையே பூட்டினோம். ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்வது, மாற்றத்தின் முன்னும் பின்னும் அறையின் வெப்பநிலையையும் சில்லின் வெப்பநிலையையும் கொப்பியிற் குறிப்பது என்று விதி வகுத்துக்கொண்டோம். சில்லு முன்னையதினும் நன்றாகக் குளிர்ந்தது. நண்பரின் தகப்பனார் வந்து கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "முதலிலேயே இந்தக் கொப்பியை வாங்கியிருக்கலாமே, பம்பியிலும் மலிவு" என்றார். அவரிடம் வாங்கிய கடனைப் பகுதி பகுதியாகத் தீர்த்துவிட்டோம். அந்தப் பெரிய பம்பி இன்று அவர் வீட்டுத் தொட்டியிலிருந்து பூஞ்சாடிகளுக்கு நீர் ஏற்றுகின்றது. அங்கே அதற்குத் தகுந்த வேலை கிடைத்திருக்கின்றது.

வாலிப நண்பர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். ஒரு காரியம் நடவாதபோது இன்னும் பலமாகத் தள்ளுவோம் என்பதே எமக்கு முதலில் வரும் எண்ணம். தள்ளுமுன் தடை எங்கேயிருக்கின்றது என்று தேடுங்கள், அளந்து பாருங்கள், அளந்ததை எழுதி வையுங்கள். இச்சங்கத்தின் வாசிகசாலையில் அந்தக் கொப்பியையும் எமது இரண்டு புளொக்குகளையும் வைத்திருக்கின்றோம். பிழையாகச் செய்ததையும் சரியாகச் செய்ததையும் பக்கத்திற் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்புவோர் வந்து பார்க்கலாம். குறை காண்போர் எழுதி வைக்கலாம்.